கறுத்த மலம் சொன்ன சேதி

(நமது சங்கத்தின் மூத்த அங்கத்தவர் ஒருவரின் முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டம் புத்தூரில் அவருடைய மகள் வீட்டு முற்றத்தில் நடைபெற்றது. அங்கே சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை இது. குடும்பத்தாரின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.)



நேற்று மாலை அட்டனில் பஸ் ஏறினோம். கண்டி, தம்புள்ளை, வவுனியா என்று இரவிரவாக வந்து விடியக்காலை இங்கே இறங்கினோம். சந்தியிலிருந்து இந்த வீட்டுக்கு நடந்து வரும்போது செம்மண் தரையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எங்களைப் பார்த்து, "எங்கே போறியள்?" என்று கேட்டார். "தோட்டத்திலிருந்து வருகிறோம்" என்றோம். "எந்தத் தோட்டம்?" என்றார். இங்கே தோட்டம் என்றால் வெங்காயமும் புகையிலையும் பீற்றூட்டும். எங்கள் பக்கம் தோட்டம் என்றால் தேயிலை மலை. சொல் ஒன்று, இடம் இரண்டு. ஆனால் இரண்டு தோட்டத்திலும் முதுகை வளைத்து உழைக்கிறவர்களின் உடம்பு ஒன்றுதான். அந்த உடம்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

முப்பத்தோராம் நாளில் கல்வெட்டு அடித்துக் கொடுப்பது இங்கே வழக்கம். தோழரின் மகள் எங்களுக்குத் தொலைபேசி எடுத்தபோது சொன்னார்: "அண்ணே, அப்பாவைப் பற்றிப் புகழ்ந்து பாட்டெழுதி அச்சடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. அப்பா எதனால் செத்தார் என்று நாலு பேருக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கள். அதுதான் அவருக்குக் கல்வெட்டு." அந்தச் சொல்லை ஏற்றுத்தான் வந்திருக்கிறோம். இதில் நாங்கள் சொல்வது எல்லாம் அந்தக் குடும்பம் அறிந்து, சம்மதித்துச் சொல்வது.

முதலில் நடந்ததைச் சொல்கிறோம்.

நம்முடைய தோழர் முப்பத்தேழு வருடம் மலையில் வேலை செய்தவர். கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். மருந்தடிக்கவும் போவார். சீனி வருத்தம் இருந்தது. மாலையில் குடிப்பார், ஆனால் குடித்துவிட்டுச் சண்டைக்குப் போகிறவர் அல்ல. முதுகு நோவுக்குக் கடையில் நோவுக் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறுவார். நம்மில் எத்தனை பேர் இப்படி இல்லை?

ஓய்வு பெறுவதற்கு ஆறு மாதம் இருக்கும்போது அவருக்கு மலம் கறுப்பாகப் போகத் தொடங்கியது. தார் மாதிரிக் கறுத்து, ஒட்டிக்கொண்டு, வழக்கமில்லாத நாற்றத்தோடு. அவர் யாருக்கும் சொல்லவில்லை. லயத்துப் பொதுக் கழிப்பறை, வெளிச்சம் இல்லை, விடியுமுன் போய்வந்தால் யார் பார்ப்பது? மனைவிக்கும் தெரியாது. நாலாம் நாள் மலையில் மயங்கி விழுந்தார். வைத்தியசாலையில் இரத்தம் ஏற்றினார்கள். கமராக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு வயிற்றில் ஒரு சின்னப் புண் இருக்கிறது என்று மருந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு விடும்போது ஒரு அட்டை கொடுத்தார்கள். அட்டை ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டு கிழமையில் வந்து ஈரலை ஸ்கேன் பண்ண வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அதை யாரும் வாசித்துச் சொல்லவில்லை. அட்டை தகரப் பெட்டிக்குள் போனது. தோழர் மலைக்குப் போனார்.

அந்த இடைவெளியில் சேமலாப நிதிக் கடுதாசி விசயமாக அவர் நமது சங்கக் காரியாலயத்துக்கு இரண்டு முறை வந்தார். முகம் வெளிறியிருந்தது. கண்டோம். "என்ன தோழர், மெலிந்து போனீர்கள்?" என்று கேட்டோம். "வயசுதானே" என்றார். கடுதாசியை நிரப்பிக் கொடுத்து அனுப்பினோம். அந்த அட்டையை வாசிக்கத் தெரிந்தவர்கள் காரியாலயத்தில் இருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கிப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. இதை இங்கே, அவருடைய பிள்ளைகளின் முன்னால், மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துத்தான் வந்தோம்.

ஓய்வு பெற்றபின் மகளோடு இருக்கப் புத்தூருக்கு வந்தார். இங்கே வந்து சில வாரத்தில் வலப்பக்க விலாவின் கீழே நோவு. உடம்பு முழுக்கக் கடி. கண் மஞ்சளித்தது. செங்கமாரி என்று சொல்லிக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். திரும்பவும் மலம் கறுத்தது. ஓர் இரவு இரத்தமாக வாந்தி எடுத்தார். மருமகன் 1990க்கு அழைத்தார். அம்புலன்ஸ் வந்தது.

இந்த முறை கமராவில் பார்த்தபோது வயிற்றுப் புண் ஆறியிருந்தது. அப்படியென்றால் இரத்தம் எங்கிருந்து வந்தது? குடலின் தொடக்கத்தில், ஈரலிலிருந்து பித்தம் வந்து விழுகிற சின்ன வாய் ஒன்று உண்டு. அந்த வாயிலிருந்து பித்தத்தோடு சேர்ந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் ஒரு கட்டி. அது பித்தக் குழாய்க்குள் வளர்ந்து, அங்கே இரத்தம் கசியவிட்டுக்கொண்டிருந்தது. ஈரல் புற்றுநோய். கொழும்புக்கு அனுப்பி, கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளத்தை உள்ளிருந்து அடைத்து இரத்தப் போக்கை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்விட்டு வந்தார். இந்த முற்றத்தில் இருந்துதான் போனார்.

இது ஏன் நடந்தது, எப்படி நடக்கிறது என்று இப்போது பார்ப்போம்.

ஈரல் நம் உடம்பின் வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே இருக்கிறது. வளர்ந்த ஆளுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிறை. நாம் சாப்பிடுவது, குடிப்பது, விழுங்கும் குளிசை எல்லாம் குடலில் இரத்தத்தோடு கலந்து முதலில் போய்ச் சேரும் இடம் ஈரல்தான். வயிறு, குடல், மண்ணீரல் எல்லாவற்றிலிருந்தும் வரும் இரத்தத்தை ஒரு பெரிய நாளம் ஈரலுக்குக் கொண்டுபோகிறது. ஈரலுக்குப் போகும் இரத்தத்தில் நாலில் மூன்று பங்கு இந்த ஒரு நாளத்தால்தான் போகிறது.

இறைப்புக்காரர்களுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும். கிணற்றிலிருந்து வரும் தண்ணீர் பெரிய வாய்க்காலில் ஓடிப் பாத்திகளுக்குப் பிரிகிறது. பாத்தி மண் இறுகித் தண்ணீரை இழுக்காவிட்டால் என்ன நடக்கும்? வாய்க்கால் நிரம்பும். மெலிந்த இடத்தில் வரம்பு உடையும். குடியாலோ, கொழுப்பாலோ, வைரசாலோ நெடுங்காலம் காயப்பட்ட ஈரல் தழும்பேறி இறுகிப்போகிறது. டொக்டர்மார் இதைச் சிரோசிஸ் என்பார்கள். இறுகின ஈரலுக்குள் இரத்தம் ஓட முடியாமல் அந்தப் பெரிய நாளத்தில் அழுத்தம் ஏறுகிறது. இரத்தம் வேறு வழி தேடி உணவுக்குழாயின் அடியிலும் வயிற்றின் மேற்பக்கத்திலும் உள்ள சின்ன நாளங்களுக்குள் போகிறது. அவை வீங்கி, புடைத்து, ஒரு நாள் உடைகின்றன. அதுதான் வரம்பு உடைவது. அப்போது கட்டிகட்டியாக இரத்த வாந்தி வரும். சில மணி நேரத்தில் உயிர் போகலாம்.

ஈரலில் புற்றுநோய் வருவதும் பெரும்பாலும் இப்படித் தழும்பேறிய ஈரலில்தான். தழும்பின் மேல் தழும்பு. அதற்குள் ஒரு கட்டி.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கறுத்த மலம் போனவர்கள் எல்லோருக்கும் புற்றுநோய் என்று யாரும் பயந்துவிடக் கூடாது. மேல்வயிற்றில் இரத்தம் கசிவதற்கு மிகப் பொதுவான காரணம் வயிற்றுப் புண், குடற்புண். வயிற்றில் வாழும் ஒரு கிருமியாலும் நோவுக் குளிசைகளாலும் அது வருகிறது. மருந்தால் ஆறும். அடுத்தது, நாம் இப்போது சொன்ன வீங்கிய நாளங்கள். ஈரல் புற்றுநோயே நேராகக் குடலுக்குள் இரத்தம் கசியவிடுவது அரிது. ஈரல் புற்றுநோய்க்காரர் நூறு பேரில் ஒருவர், இருவருக்குத்தான் கட்டி பக்கத்தில் இருக்கும் வயிற்றையோ குடலையோ ஊடுருவும். பித்தக் குழாய் வழியாக இரத்தம் வருவதும் அரிதுதான். இந்தக் கடைசி வகையைப் பற்றி 1654ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் கிளிசன் என்ற ஆங்கிலேய வைத்தியர் எழுதிவைத்திருக்கிறார். கண்டறிந்து முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகியும் அது இன்றைக்கும் எளிதில் தப்பிப்போகிற நோயாகவே இருக்கிறது.

அரிது என்றால் எதற்கு இவ்வளவு பேச்சு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. காரணம் புண்ணோ, நாளமோ, கட்டியோ, வெளியே தெரியும் அடையாளம் ஒன்றுதான்: கறுத்த மலம், அல்லது இரத்த வாந்தி. எது என்று வீட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. இங்கே நிலாவரைக் கிணறு பக்கத்தில் இருக்கிறது. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர் என்று உங்களுக்குத் தெரியும். மேலே அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியுமா? ஈரலும் அப்படித்தான். கட்டி பெரிதாகும்வரை பலருக்கு ஒரு நோவும் இராது.

நம்முடைய தோழருக்கு மூன்று அடையாளம் சேர்ந்து வந்தது. வலப்பக்க விலாவின் கீழ் நோவு, கண் மஞ்சளித்தல், கறுத்த மலம். பித்தக் குழாயில் இரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்க இந்த மூன்றும் போதும். எல்லோருக்கும் மூன்றும் சேர்ந்து வராது. அதனால் ஒன்று வந்தாலே போய்க் காட்ட வேண்டும். மூலிகையைப் பழிக்க நாங்கள் வரவில்லை. கண் மஞ்சளித்தால் முதலில் இரத்தப் பரிசோதனை, ஸ்கேன். என்ன நோய் என்று தெரியாமல் அரைத்துக் கொடுக்கிற நாட்கள் நோய்க்குக் கொடுக்கிற நாட்கள்.

இனி, ஈரலைக் கெடுப்பவை எவை என்று பார்ப்போம்.

முதலாவது குடி. மதுபானம் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1988இலேயே சொல்லிவிட்டது. சாராயம், பியர், கசிப்பு என்ற வேறுபாடு ஈரலுக்குத் தெரியாது. குடிக்கிற தோழர்களை வைய நாங்கள் இங்கே வரவில்லை. குளிரிலும் மழையிலும் வேலை செய்துவிட்டுப் பத்தடிக் காம்பராவுக்குத் திரும்புகிறவனுக்குப் பக்கத்தில் திறந்திருப்பது ஒரே ஒரு கடை என்றால், அவன் அங்கே போவதற்கு அவன் மட்டும் பொறுப்பல்ல. ஆனாலும் ஈரல் நியாயம் கேட்பதில்லை. கணக்கு மட்டும் வைக்கிறது. இன்றைக்கு நிறுத்தினால் இன்றையிலிருந்து ஈரலுக்கு நல்லது. நெடுநாள் தினமும் நிறையக் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரலாம். அவர்கள் வைத்தியரிடம் சொல்லி மருந்தோடு நிறுத்த வேண்டும்.

இரண்டாவது கொழுப்பு ஈரல். இது பட்டணத்து வருத்தம், உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு வருவது என்று நினைக்கிறோம். நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு தோட்டங்களில் ஆய்வு செய்து 2011இல் வெளியிட்டார்கள். உடலுழைப்பும் குறைந்த வருமானமும் உள்ள நம் மக்களிடையே, குடியால் வராத கொழுப்பு ஈரல் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேரிடம் இருந்தது. மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு எப்படி வந்தது? நாம் சாப்பிடுவதை யோசித்துப் பாருங்கள். காலையில் கோதுமை மா ரொட்டி, பகலுக்கும் ரொட்டி, இரவுக்குச் சோறு, நடுவில் சீனி போட்ட பிளேன்டீ. பருப்பு, முட்டை, மீன், கீரை எல்லாம் சம்பளத்தைப் பொறுத்தது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூட. நம் நாட்டில் ஈரல் புற்றுநோய் வருகிறவர்களில் பலருக்கு வைரஸ் இல்லை. கொழுப்பு ஈரலும் சீனி வருத்தமும்தான் பின்னால் இருக்கின்றன. ஆகவே சீனி வருத்தக் கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொருவரும், "என் ஈரல் எப்படி இருக்கிறது?" என்று ஒரு கேள்வியையும் கேட்டு வாருங்கள்.

மூன்றாவது, ஹெப்படைற்றிஸ் பி, சி வைரஸ்கள். உலகத்தில் ஈரல் புற்றுநோய்க்கு இவைதான் பெரிய காரணம். நம் நாட்டில் குறைவு. 2003இலிருந்து பிள்ளைகளுக்கு ஹெப்படைற்றிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. பிள்ளைகளின் ஊசி ஒன்றையும் தவறவிடாதீர்கள். அது ஒரு புற்றுநோயைத் தடுக்கும் ஊசி.

நாலாவது பூஞ்சணம். வேர்க்கடலை, சோளம், செத்தல் மிளகாய், கொப்பரா ஈரலித்துப் பூஞ்சணம் பிடித்தால் அதில் அஃப்லரொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அதுவும் ஈரல் புற்றுநோய்க்குக் காரணம். 2021இல் இந்த நஞ்சு கலந்த தேங்காயெண்ணெய் இறக்குமதியாகி நாடே பேசியது நினைவிருக்கும். பூஞ்சணம் பிடித்ததைக் கழுவியோ வறுத்தோ சாப்பிடாதீர்கள். வீசிவிடுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள்.

இப்போது, வீட்டில் என்ன செய்வது? தாய்மார் இதைக் கவனமாகக் கேளுங்கள்.

மலத்தைப் பார்க்க வெட்கப்படாதீர்கள். ஒரு சின்னக் கோப்பை அளவு இரத்தம் வயிற்றில் கசிந்தாலே மலம் கறுக்கும். இரும்புச் சத்துக் குளிசை போடுகிற கர்ப்பிணிகளுக்கும் மலம் கறுக்கும். ஆனால் அது தார் மாதிரி ஒட்டாது, அந்தக் கடும் நாற்றம் இராது. பீற்றூட் சாப்பிட்டால் மறுநாள் மலம் சிவக்கும், அது இரத்தமல்ல. வெற்றிலை போட்டுத் துப்பும் சிவப்பும் இரத்த வாந்தியும் ஒன்றல்ல. சந்தேகமாக இருந்தால் போய்க் காட்டுங்கள். மூலம் என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள். மூலத்தில் வருவது பெரும்பாலும் சிவந்த இரத்தம். கறுத்த தார் மேலிருந்து வருவது.

கறுத்த மலத்தோடு தலைச்சுற்று, வியர்வை, நெஞ்சு படபடப்பு, மயக்கம் இருந்தால், அல்லது இரத்த வாந்தி வந்தால், விடியட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது. கோப்பிக் கசடு மாதிரி வாந்தி வந்தாலும் அது இரத்தம்தான். 1990க்கு அழையுங்கள். காசில்லை. 2018இல் வடக்குக்கு வந்த சேவை இது. இப்போது நாடு முழுக்க இருக்கிறது. அம்புலன்ஸ் வரும்வரை ஆளைச் சரித்துப் படுக்கவையுங்கள். மல்லாக்கப் படுத்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். சாப்பாடு, தேத்தண்ணீர், சோடா ஒன்றும் கொடுக்காதீர்கள். நோவுக் குளிசை கொடுக்கவே கூடாது. பழைய கிளினிக் கொப்பி, அட்டை, போடுகிற குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கூடவே கொண்டுபோங்கள்.

வைத்தியசாலையில் உண்மையைச் சொல்லுங்கள். எவ்வளவு குடிப்பார், எத்தனை வருடமாக, என்ன நோவுக் குளிசை, என்ன மூலிகை, முன்பு மஞ்சள் வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது ஈரல் வருத்தம் உண்டா. கணவனின் மானத்தைக் காப்பாற்ற, "அவர் குடிக்கிறதில்லை" என்று சொல்கிற மனைவிமார் இருக்கிறார்கள். அந்த ஒரு பொய்யால் டொக்டர் வேறு பக்கம் தேடப் போய்விடுவார்.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். இரத்தம் ஏற்றுவார்கள். வாய் வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். வீங்கிய நாளம் என்றால் சின்ன இறப்பர் வளையம் போட்டுக் கட்டுவார்கள். திரும்ப உடையாமலிருக்க மலிவான குளிசை ஒன்று இருக்கிறது. அதை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. கமராவில் காரணம் தெரியாவிட்டால், அல்லது மஞ்சளும் நோவும் இருந்தால், ஈரலை ஸ்கேன் பண்ணச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஈரல் தழும்பேறியிருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பண்ண வேண்டும். கட்டி சின்னதாக இருக்கும்போது பிடித்தால் வெட்டி எடுக்கலாம், சுட்டு அழிக்கலாம். சிலருக்கு ஈரல் மாற்றலாம். ராகமையில் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை நடக்கிறது. இங்கே தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் மக்கள் நடந்து சேர்த்த பணத்தில் கட்டியது அது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் நடந்த நடை. அதனால் தெல்லிப்பழைக்குப் போவதை மரணத்துக்குப் போவது மாதிரி நினைக்காதீர்கள். அது நமக்காக நடந்தவர்கள் கட்டிய வீடு.

தோழர்களே, இது வெறும் வைத்திய விசயமில்லை என்று தோழரின் கதையே சொல்கிறது. அவர் எங்கெங்கே தவறவிடப்பட்டார் என்று எண்ணிப் பாருங்கள். வெளிச்சமில்லாத பொதுக் கழிப்பறையில் ஒரு முறை. ஒருநாள் போனால் பேர் போய்விடும் என்ற பயத்தில் இரண்டாவது முறை. வாசிக்கத் தெரியாத அட்டையில் மூன்றாவது முறை. நம்முடைய காரியாலய மேசையில் நாலாவது முறை. நாலில் ஒன்றுகூட மருந்தால் தீர்கிற காரியமில்லை. நாலும் தொழிற்சங்கம் தீர்க்க வேண்டியவை.

அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் வைத்தியம் சொல்ல முடியாது என்று யாராவது சொன்னால் யாழ்ப்பாணத்தைக் காட்டுங்கள். 1847இல் இந்தக் குடாநாட்டுக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேலைத்தேச வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடம்பின் உறுப்புகளைப் பற்றியும் சத்திர வைத்தியத்தைப் பற்றியும் தமிழில் நூல்கள் வெளியிட்டார். அந்தக் காலத்தில் முடிந்தது இன்றைக்கு ஏன் முடியாது? தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. "இரண்டு கிழமையில் வந்து ஈரலை ஸ்கேன் செய்யவும்" என்ற ஒரு வரியைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் நம்முடைய தோழருக்கு ஒரு வருடமாவது கூடக் கிடைத்திருக்கலாம். நிச்சயம் என்று சொல்லமாட்டோம். ஆனால் கிடைத்திருக்கலாம்.

ஆகவே சங்கத்தின் சார்பில் இந்த முற்றத்தில் வைத்துச் சொல்கிறோம். மலைக்குத் திரும்பியதும் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிலும், அட்டை வாசிக்கத் தெரிந்த ஒரு இளம் தோழரையோ தோழியையோ நியமிப்போம். வைத்தியசாலையிலிருந்து வரும் ஒவ்வொருவரின் அட்டையையும் அவர்கள் வாசித்துத் தமிழில் எழுதிக் கொடுத்து, திரும்பப் போகவேண்டிய தேதியைக் கமிட்டிக் கொப்பியில் குறிப்பார்கள். கிளினிக்குக்குப் போகும் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது என்பதை நிர்வாகத்தோடு நடக்கும் அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்து வைப்போம். வீட்டுக்கு வீடு கழிப்பறை, அதில் வெளிச்சம் என்ற பழைய கோரிக்கையை இனிச் சுகாதாரக் கோரிக்கையாக மட்டுமல்ல, உயிர்க் கோரிக்கையாகவே பேசுவோம். பெரிய சிகிச்சைக்குக் காசு தேவைப்படுகிறவர்களுக்கு ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்போம். சேமலாப நிதிக் கடுதாசியோடு வருகிறவரின் முகத்தையும் பார்ப்போம்.

இங்கே புத்தூரில் தோட்டக் கூலிக்குப் போகிற உறவுகளுக்கும் சொல்கிறோம். உங்களுக்கு நிர்வாகமும் இல்லை, பேரும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. நாள் போனால் நாள்தான். உங்கள் நிலைமை எங்களைவிடக் கடினம். உங்கள் சனசமூக நிலையத்திலும் இந்த அட்டை வாசிக்கும் வேலையைத் தொடங்கலாம். அதற்குக் காசு வேண்டாம். மாலையில் ஒரு மணி நேரமும் இங்கிலீஷ் படித்த ஒரு பிள்ளையும் போதும்.

கடைசியாக ஒன்று. தோழர் காலமாவதற்கு இரண்டு கிழமைக்கு முன் அவரைப் பார்க்க வந்திருந்தோம். வேப்பமரத்துக்குக் கீழே கட்டிலில் படுத்திருந்தார். சம்பளப் பேச்சு எந்த மட்டில் என்று விசாரித்தார். பிறகு சொன்னார்: "நான் அந்த முதல் நாளே வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்க வேணும். வெட்கமாக இருந்தது." அவருடைய மனைவி பக்கத்தில் இருந்து கால் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. இன்றைக்குக் காலையில் அந்த அம்மாதான் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த வெட்கத்தைப் பற்றியும் பேசுங்கள்" என்றார்.

பேசிவிட்டோம், அம்மா.

தோழர்களே, இன்றைக்கு வீட்டுக்குப் போய், சாப்பிட்டு முடிந்தபின், இந்தக் கதையை வீட்டிலுள்ளவர்களுக்குச் சொல்லுங்கள். கறுத்த மலம் போனால் சொல்ல வேண்டும் என்று பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். தகரப் பெட்டிக்குள் அட்டை ஏதும் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். தேதி பிந்தியிருந்தாலும் பரவாயில்லை. கொண்டு போங்கள்.